தாமான் (குடியிருப்பு) குழு: கேட் கொட்டேஷன்

14ஆம் நம்பர் தம்பி: அண்ணே, 12 அடி கேட்டுக்குக் கொட்டேஷன் வந்திருக்கு. "ஸ்டெயின்லெஸ், 2 இன்ச் ஹாலோ" (உள்ளே வெற்றா இருக்கிற குழாய்)ன்னு மட்டும் போட்டிருக்கு. ஓகேவா?

வெல்டிங் அண்ணன்: கிரேடு எங்கே? திக்னஸ் எங்கே? ரெண்டையும் எழுதி வாங்காம டெபாசிட் கொடுக்காதே லா.

14ஆம் நம்பர் தம்பி: காந்தம் ஒட்டல. அப்போ நல்ல கிரேடு 304 தானே?

வெல்டிங் அண்ணன்: மட்டமான கிரேடு 201-லயும் ஒட்டாது. அதுல நிக்கலைக் குறைச்சு மேங்கனீஸ் ஏத்தியிருப்பாங்க. நம்ம பினாங்கு கடலோரத் தஞ்சோங் பூங்கா உப்புக் காத்துக்கு அது நிக்காது, பழுப்புக் கறை விழும். நல்ல 304-லயே வளைச்ச மூலையில காந்தம் லேசா இழுக்கும். டெஸ்ட் மருந்து கிடைக்கும்: ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரி வை. சிவந்தா 201.

மூலை வீட்டு அக்கா: கடலைப் பார்த்த வீட்டுல 304-க்கும் கறை பிடிக்கும் தம்பி. 316 கிரேடுல மாலிப்டினம்ங்கிற உலோகம் 2 சதவீதத்துக்கு மேல இருக்கு, அது தாங்கும். விலையைக் கேட்டாத்தான் தலை சுத்தும் 😅

14ஆம் நம்பர் தம்பி: அவ்வளவு பட்ஜெட் இல்லக்கா.

வெல்டிங் அண்ணன்: அப்போ மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு. பிரேமுக்கு 2 மி.மீ. திக்னஸ், நடுக் கம்பிக்கு 1.2 போதும். 50க்கு 50 மி.மீ. ஹாலோ, 6 மீட்டர் நீளம், 2 மி.மீ.ன்னா சுமார் 18 கிலோ வரணும். 11 கிலோதான்னா அது 1.2. தராசுல போட்டா குட்டு வெளிப்பட்டுடும்.
கல்வனைஸ் (துத்தநாகம் பூசின) குழாய் வாங்கி வெல்டிங் பண்ணா ஒட்டு இடத்துல துத்தநாகம் எரிஞ்சிடும், துரு அங்கதான் ஆரம்பிக்கும். முழுசாச் செஞ்சு முடிச்சப்புறம் ஹாட் டிப்ல, அதாவது உருக்கின துத்தநாகத் தொட்டியில முக்கச் சொல்லு. தொட்டி சுமார் 450 டிகிரி. ரெண்டு முனையும் அடைச்ச குழாய்ல காத்தும் ஈரமும் மாட்டினா வெடிச்சிடும், அதனால ஒவ்வொரு குழாய்க்கும் ஓட்டை போட்டிருக்கணும். 12 அடியை ஒரே பலகையா முக்கினா வளையலாம். ஆறு ஆறு அடியா ரெண்டு கதவாச் செய்.

மூலை வீட்டு அக்கா: பெயிண்ட்?

வெல்டிங் அண்ணன்: கல்வனைஸ் மேல நேரா எண்ணெய் பெயிண்ட் அடிச்சா தோல் மாதிரி உரியும். முதல்ல எட்ச் பிரைமர், பெயிண்ட் பிடிக்க வைக்கிற அடிப்பூச்சு.

மூலை வீட்டு அக்கா: வேலித் தூணையும் சொல்லிடுங்க. மண்ணைத் தொடுற இடத்துலதானே அரிக்குது.

வெல்டிங் அண்ணன்: ஆமாக்கா. காங்கிரீட்டைத் தரையை விட 2 இன்ச் உயர்த்தி, மேல்பக்கம் சரிவா விடணும், தண்ணி தூணோரம் தேங்கக் கூடாது. தூண் தலைக்கு மூடியும் போடணும்.

14ஆம் நம்பர் தம்பி: கிரேடு, திக்னஸ், ஹாட் டிப் மூணையும் எழுதித் தரச் சொல்லி இப்பதான் மெசேஜ் போட்டேன் அண்ணே. ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் இல்ல 🙄