எல்1 பர்ஸ்ட் ஃப்ராக்சர்: ஏ3-ஆ, ஏ4-ஆ? ரிப்போர்ட்டில் எதைப் போடுவது?

இரவுப்பணி_பிஜி கேட்டது:

ரேடியாலஜி முதலாண்டு. முதுகெலும்பு முறிவு வந்தாலே இம்ப்ரெஷன் (ரிப்போர்ட்டின் முடிவு) எழுதும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. பார்த்ததை மேலே எழுதிவிடுவேன். கீழே எந்த வகைப்பாட்டைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

இப்போதைய கேஸ்: உயரத்திலிருந்து விழுந்த இளைஞர். கால்களில் பலமும் உணர்ச்சியும் சரியாக இருப்பதாக ஆர்த்தோ குறிப்பில் இருக்கிறது. சி.டி.யில் எல்1-இன் (இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு) மேல் எண்ட்பிளேட் (எலும்பின் மேல், கீழ்த் தட்டுகளில் ஒன்று) நொறுங்கி, பின்சுவரின் மேல்மூலைத் துண்டு ஒன்று கனாலுக்குள் (நரம்புகள் போகும் குழாய்) தள்ளியிருக்கிறது, அதாவது பர்ஸ்ட் முறிவு. லாமினாவில் (கனாலுக்குப் பின்னால் உள்ள எலும்புத் தகடு) நெடுக்காக ஒரு கோடு. கீழ் எண்ட்பிளேட்டில், ஒரே ஒரு சாஜிட்டல் (பக்கவாட்டுப் பார்வை) படத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

ஒரு கன்சல்டன்ட் "டெனிஸ்படி மூன்று தூணும் போச்சு, அன்ஸ்டேபிள்னு எழுது" என்கிறார் (முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூணாகப் பார்க்கும் பழைய வகைப்பாடு). இன்னொருவர் "டெனிஸ் எல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், ஏஓ ஸ்பைன் போடு" என்கிறார் (முறிவை ஏ, பி, சி எனப் பிரித்து ஸ்கோரும் தரும் வகைப்பாடு). ஆர்த்தோ பி.ஜி. போனில் டிஎல்ஐசிஎஸ் ஸ்கோர் (ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் இன்னொரு கணக்கு) கேட்கிறார். மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று ஆபரேஷன் பக்கம் இழுக்கிறது, ஒன்று வேண்டாம் என்கிறது, ஒன்று நடுவில் நிற்கிறது. லாமினா உடைந்திருப்பதால் இது ஏஓ ஸ்பைனில் பி வகையாகிவிடுமா? சீனியர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பழைய_ஃபிலிம் (ரேடியாலஜிஸ்ட்):

லாமினாவை முதலில் முடித்துவிடுவோம். நெடுக்காக ஓடும் லாமினாக் கோட்டுக்காக பி போடக் கூடாது. பர்ஸ்ட்டில் எலும்பு பக்கவாட்டில் விரிகிறது, பெடிக்கிள்கள் (பாடியையும் பின்பக்க எலும்பையும் இணைக்கும் இரு பாலங்கள்) விலகுகின்றன. வளையம் முன்னால் விரிந்தால் பின்னாலும் எங்கேயாவது விட்டாக வேண்டும். ஏ4-இல் அந்தக் கோடு பெரும்பாலும் இருக்கும் என்றும், அதை டென்ஷன் பேண்ட் (முதுகெலும்புகளை இழுத்துப் பிடிக்கும் பிணைப்பு) அறுந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் ஏஓ ஸ்பைன் விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். பி என்றால் பின்பக்கம் மேலும் கீழுமாகப் பிரிந்திருக்க வேண்டும். கோடு கிடைமட்டமாக ஸ்பைனஸ் பிராசஸ் (பின்னால் நீட்டிய முள்), பெடிக்கிள், பாடி (முன்பக்க உருளை) என எலும்பு வழியாகவே போனால் பி1. 1948-இல் சான்ஸ் என்ற மருத்துவர் விவரித்த முறிவு இதுதான். லிகமென்ட்டும் சேர்ந்து அறுந்தால் பி2. உங்களுடைய படத்தில் கோடு நெடுக்கானது. ஏ வகைக்குள்ளேயே இருங்கள்.

இப்போது கீழ் எண்ட்பிளேட். பின்சுவரோடு ஒரு எண்ட்பிளேட் உடைந்தால் ஏ3, இரண்டும் உடைந்தால் ஏ4. ஏஓ ஸ்பைன் ஸ்கோரில் ஏ3-க்கு 3, ஏ4-க்கு 5. நரம்பு பாதிப்பு இல்லை, அதாவது என்0, என்பதால் மேலே எதுவும் கூடாது. 3 வரை ஆபரேஷன் இல்லாமல், 4-உம் 5-உம் எப்படி வேண்டுமானாலும், அதற்கு மேல் ஆபரேஷன். நீங்கள் இருக்கிறதா இல்லையா என்று தடுமாறும் அந்த ஒரு கோடு நோயாளியை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தூக்கிவிடும். டிஎல்ஐசிஎஸ்-இல் அந்தத் தொல்லையே கிடையாது. பர்ஸ்ட் என்றால் 2, அது அரைகுறையா முழுசா என்று அது கேட்பதே இல்லை. உங்களுக்கு முரணாக வந்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் கூட்டலில் தப்பில்லை.

அந்தக் கோட்டை இப்படித் தேடுங்கள். போன் விண்டோவில், மெல்லிய ஸ்லைஸில் கொரோனல் (முன்பக்கப் பார்வை) ரீஃபார்மேட் போடுங்கள். பாடி நடுவில் பிளந்து கீழே வரை இறங்கியிருந்தால் சாஜிட்டலில் நழுவுவது கொரோனலில் பளிச்சென்று தெரியும். ஓரங்கள் வெண்மையாக, வழவழப்பாக இருந்தால் அது பழைய ஷ்மார்ல் நோடாக (டிஸ்க் எலும்புக்குள் அமுங்கிய குழி) இருக்கலாம். பின்சுவரின் நடுவில், பாதி உயரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால் அது பேஸிவெர்டிப்ரல் சிரை வெளியே வரும் வழி. புதியவர்கள் அதையும் முறிவில் சேர்த்துவிடுகிறார்கள்.

டெனிஸ் பற்றி: 1983-இல் 412 கேஸ்களை வைத்து அவர் நடுத்தூணைக் கொண்டுவந்தார். அதுவரை இருந்த ஹோல்ட்ஸ்வொர்த்தின் இரண்டு தூண் கணக்கைவிட அது பெரிய முன்னேற்றம். ஆனால் "மூன்று தூணும் போச்சு" என்ற வரியில் பின்தூணில் என்ன போனது என்ற தகவல் இல்லை. லாமினாவில் வெறும் கோடா, லிகமென்ட் முழுக்க அறுந்ததா? சர்ஜனுக்கு வேண்டியது அதுதான். அந்த வரியை நான் எழுதுவதில்லை.

---

திருகும்_கம்பியும் (ஸ்பைன் சர்ஜன்):

மேடம் சொன்னதோடு என் பக்கத்திலிருந்தும் கொஞ்சம். உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது ஏ3-ஆ ஏ4-ஆ என்பதை அல்ல. பின்பக்க லிகமென்ட் பற்றி ஒரு நேரான வரி. அடுத்தடுத்த ஸ்பைனஸ் பிராசஸ்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா? ஃபாசெட்டுகள் (பின்பக்கச் சிறு மூட்டுகள்) ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, இல்லை ஒன்று மொட்டையாக நிற்கிறதா? இரண்டும் சி.டி.யிலேயே தெரியும். "லிகமென்ட் பாதிப்பை விலக்க முடியவில்லை" என்று வழக்கமாக ஒட்டிவிடும் வரியை மட்டும் யோசித்துப் போடுங்கள். அதற்கு டிஎல்ஐசிஎஸ்-இல் 2, ஏஓ ஸ்பைனில் எம்1 (லிகமென்ட் பாதிப்பு உறுதியில்லை என்ற குறி) என்று இன்னொரு 1. உங்கள் ஏ4 அந்த ஒரு எண்ணால் 6 ஆகிவிடும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள், எம்.ஆர்.ஐ. எடுப்போம். தற்காப்புக்காக எழுத வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யிலும் ஸ்டிர் (நீரை வெள்ளையாகக் காட்டும்) படத்தில் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் "அறுந்தது" என்று சொல்லக் கூடாது. இன்டர்ஸ்பைனஸ் பகுதியில் (இரு முட்களுக்கு இடையே) நீர் கோர்ப்பது சாதாரணம். சுப்ராஸ்பைனஸ் லிகமென்ட் (முட்களின் நுனிகளை இணைப்பது), லிகமென்டம் ஃப்ளேவம் (லாமினாக்களை இணைப்பது) இரண்டின் கறுப்புக் கோடும் எங்கேயாவது துண்டாகிறதா என்று பார்க்க வேண்டும்.

லாமினாக் கோட்டுக்கு ஸ்கோர் இல்லை என்பதற்காக அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நரம்பு பாதிப்போடு பர்ஸ்ட் வந்து லாமினாவும் பிளந்திருந்தால், டியூரா (நரம்புகளைச் சுற்றிய உறை) கிழிந்து நரம்பு வேர்கள் அந்தப் பிளவில் மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பின்னாலிருந்து திறக்கும்போது அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கம்பி போடுவது என்று முடிவானால் மெக்கார்மக்கின் லோட் ஷேரிங் கணக்கு, 1994. நொறுங்கிய அளவு, துண்டுகள் விலகிய அளவு, திருத்திய கூன் ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 3. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் வந்தால், பின்பக்கம் மட்டும் போடும் குட்டைக் கம்பி தாங்குமா என்று யோசிப்போம். எந்த ஸ்கோரும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஒன்று கத்தி எடுக்கலாமா என்பதற்கு, இன்னொன்று எடுத்த பிறகு எப்படி என்பதற்கு.

---

மாவுக்கட்டு (ஆர்த்தோ பி.ஜி.):

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இத்தனை எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. மாகெர்ல் 1994-இல் 1445 கேஸ்களைப் பார்த்து 53 வகை பிரித்தார். யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? கை கால் எலும்புகளிலும் இதே கதைதான்: கார்டன், சார்லஸ் நீர், ஷாட்ஸ்கர், வெபர் என்று ஆளுக்கொரு வகைப்பாடு...

---

பழைய_ஃபிலிம்:

மனப்பாடம் ஆகவில்லை என்பதால்தான் 2013-இல் ஏஓ ஸ்பைன் அந்த 53-ஐ ஒன்பதாகச் சுருக்கியது. ஏ0 முதல் ஏ4 வரை ஐந்து, பி மூன்று, சி ஒன்றே ஒன்று. ஏ, பி, சி மட்டத்தில் பார்ப்பவர்களுக்குள் ஒற்றுமை நன்றாகவே இருக்கும். உள்ளே போகப் போக அது குறையும். ஏ3, ஏ4 சண்டை எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

கை கால் பற்றி நீங்கள் சொல்வது சரி. கார்டன் 1961-இல் தொடை எலும்புக் கழுத்துக்கு நான்கு வகை சொன்னார். நடைமுறையில் இடம் நகர்ந்ததா இல்லையா என்று இரண்டாக்கித்தான் பேசுகிறோம். சார்லஸ் நீர் 1970-இல் தோள் எலும்புத் துண்டு 1 செ.மீ. நகர்ந்தால் அல்லது 45 டிகிரி திரும்பினால்தான் தனித் துண்டாக எண்ண வேண்டும் என்றார். எக்ஸ்ரேயில் 45 டிகிரியை யார் அளந்து பார்த்தது?

அப்புறம் ஒன்று. வயதானவர்களின் எலும்புத் தேய்மான முறிவை இந்த ஸ்கோருக்குள் திணிக்காதீர்கள். அங்கே ஜெனன்ட்டின் கணக்கு இருக்கிறது: உயரக் குறைவு 20-25 சதவீதம் என்றால் லேசு, 25-40 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஜெர்மன் மருத்துவர்களின் ஓஎஃப் வகைப்பாட்டில் முதல் வகை எக்ஸ்ரேயிலேயே தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் வெறும் எலும்பு வீக்கம் மட்டும்தான். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்புகள் ஒட்டி இறுகும் நோய்) இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேசாக விழுந்திருந்தாலும் குறுக்கே முழுசாக முறிந்திருக்கும், பி3. எக்ஸ்ரேயில் அழகாக ஒளிந்துகொள்ளும்.

---

இரவுப்பணி_பிஜி:

கொரோனல் போட்டுப் பார்த்தேன். கோடு பாடியின் நடுவில் இறங்கிக் கீழ் எண்ட்பிளேட்டைத் தொடுகிறது. ஃபாசெட்டுகள் சரியாக இருக்கின்றன. ஆனாலும் சர்ஜன் எம்.ஆர்.ஐ. கேட்டார், சுப்ராஸ்பைனஸ் கோடு முழுசாக இருக்கிறது, இன்டர்ஸ்பைனஸில் லேசான நீர் மட்டும். எழுதியது இது:

"எல்1 பர்ஸ்ட் ஃப்ராக்சர். பின்சுவரும் இரண்டு எண்ட்பிளேட்டுகளும் பாதிக்கப்பட்டுள்ளன. லாமினாவில் நெடுக்கு முறிவு. பின்பக்க லிகமென்ட்டுகள் அறுந்ததாகத் தோன்றவில்லை. ஏஓ ஸ்பைன் ஏ4."

---

திருகும்_கம்பியும்:

ஏஓ ஸ்பைன் ஸ்கோர் 5, சரி. பின்பக்கம் உறுதியாக இருக்கிறது, நரம்பு பாதிப்பு இல்லை. என்னிடம் வந்திருந்தால் பிரேஸ் போட்டு, நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்பேன். சி.டி. படுத்த நிலையில் எடுத்தது, நிமிர்ந்து நின்றால் கூன் கூடலாம். அந்த எக்ஸ்ரேயும் உங்களிடம்தான் வரும். கூன் கோணத்தை அளந்து எழுதுங்கள், அடுத்த முறை ஒப்பிட வேண்டும்.

பழைய_ஃபிலிம்:

"தோன்றவில்லை" வேண்டாம். "சுப்ராஸ்பைனஸ் லிகமென்ட் தொடர்ச்சியாக உள்ளது" என்று பார்த்ததையே எழுதுங்கள். கனாலுக்குள் தள்ளிய துண்டு எவ்வளவு அடைக்கிறது என்பது விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேருங்கள். கீழ் எண்ட்பிளேட் கோடு தெரியும் கொரோனல் படத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள். ஏ3 என்று வாதாட வருபவர் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.