“ஓநாய் பொய் சொல்லுது!” – மாற்றிச் சொன்ன கதைகளும் நம் வீட்டுக் குட்டிகளும்

தெரிந்த கதையைத் திருப்பிப் போட்டு விளையாடும் படப் புத்தகங்களைச் சின்னக் குழந்தைகளுக்கு வாசித்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

என் மகளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது, ஓநாய் பன்றிகளின் வீடுகளை ஊதித் தள்ளும் மூன்று பன்றிக்குட்டிகள் கதையை, அந்த ஓநாயே தன் பக்கத்து நியாயமாகச் சொல்கிற ஜான் ஷெஸ்காவின் புத்தகத்தை (1989-இல் வந்தது) மடியில் உட்கார வைத்து வாசித்தேன். ஓநாய்க்குச் சளி. பாட்டிக்கு கேக் செய்ய ஒரு கப் சர்க்கரை கடன் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது, தும்மல் வந்துவிடுகிறது, வீடு விழுந்துவிடுகிறது. எனக்கு வாசிக்கும்போதே சிரிப்பு தாங்கவில்லை, அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது வீடு விழும் இடத்தில் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, “வேணாம்மா, ஒழுங்கா படி” என்றாள். நான் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்! அப்புறம்தான் உறைத்தது, பழைய கதையையே அவள் ஒன்றிரண்டு தடவைதான் கேட்டிருக்கிறாள். எது மாறியிருக்கிறது என்று தெரியாத குழந்தைக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, பழைய கதையைச் சும்மா வாய்வழியாகவே சொல்ல ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் அதே கதைதான். தலையணையை அடுக்கி வீடு கட்டுவோம், “ஊதிஊதித் தள்ளிடுவேன்” என்று அவளே கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவாள். ஐந்து வயது ஆகப்போகும் சமயம் அவளாகவே அந்தப் புத்தகத்தை இழுத்து எடுத்து வந்தாள். இந்தத் தடவை முதல் தும்மலுக்கே “பொய்! பொய் சொல்லுது! ஊதினதுதான்!” என்று கத்திச் சிரித்தாள். அப்புறம் திடீரென்று அமைதியாகி, பக்கத்தைப் பின்னால் திருப்பி, ஓநாயின் மூக்கின் மேல் விரலை வைத்து, “ஒருவேளை நிஜமாவே சளியா?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை, “உனக்கு என்ன தோணுது?” என்று மட்டும் கேட்டேன். அன்று தூங்கும் வரைக்கும் அதே யோசனைதான் அவளுக்கு.

அதிலிருந்து அட்டையில் போட்டிருக்கும் வயதை நான் பார்ப்பதில்லை. அசல் கதையைக் குழந்தை தன் பொம்மைக்குத் தானே சொல்கிறதா என்று பார்க்கிறேன். சொன்னால், மாற்றிய கதைக்கு நேரம் வந்துவிட்டது.

—

நீங்கள் சொல்வது அப்படியே உண்மை. நான் நூலகத்தில் நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அசல் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் அந்த ஓநாயை அப்படியே நம்பி, “பாவம்” என்று உச்சுக்கொட்டுவார்கள், தெரிந்தவர்கள் எழுந்து நின்று சண்டைக்கு வருவார்கள்! அதனால் இப்போதெல்லாம் ஒரு வாரம் முன்னாலேயே பழைய கதையைப் புத்தகம் இல்லாமல், கையை ஆட்டி, குரலை மாற்றிச் சொல்லிவிடுகிறேன், மாற்றிய கதை அடுத்த வாரம்.

ஒரு பையன் மிகவும் கோபமாக “இது ஒரிஜினல் இல்ல” என்றான். சரி என்று நான் அவர்களுக்கு ஒரு விஷயம் சொன்னேன். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையைப் பிரான்சில் ஷார்ல் பெரோ என்ற எழுத்தாளர் 1697-இல் அச்சில் கொண்டுவந்தபோது, ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை முடிந்துவிடும், காப்பாற்ற யாரும் வருவதில்லை. வேட்டைக்காரர் வந்து வயிற்றைத் திறந்து அவளையும் பாட்டியையும் வெளியே எடுப்பதெல்லாம் 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் இருப்பது. மூன்று கரடிகள் கதையும் அப்படித்தான், ராபர்ட் சௌதி என்ற ஆங்கிலக் கவிஞர் 1837-இல் அதை வெளியிட்டபோது கரடி வீட்டுக்குள் நுழைவது ஒரு கிழவி, பொன்முடிச் சிறுமி பிறகு வந்தவள். கிழவியா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், “அப்ப நானும் மாத்தலாமா?” என்று கேட்டாள். அவள் கதையில் ஓநாய்க்குப் பல்வலி, அதனால் பாட்டியை விழுங்கத்தான் முடிந்தது, மெல்ல முடியவில்லை. பாட்டி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்ததற்கு இதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்லை!

—

நான் கொஞ்சம் வேறு மாதிரி அனுபவம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மகனுக்கு நான்கு வயதில் ஓநாய் என்றால் நிஜமான பயம். பழைய கதையில் ஓநாய் தோற்றுப்போகும், அதைக் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அந்த நேரத்தில் போய் ஓநாய் நல்லது என்று சொல்லும் புத்தகத்தை வாசித்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு இருட்டில், “அப்பா, ஓநாய் நல்லதா கெட்டதா, ஒண்ணு மட்டும் சொல்லு” என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவன் பிடித்துக்கொண்டிருந்த கம்பை நான் உருவிவிட்டேன் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து பழைய கதைக்கே திரும்பினோம். பயம் இன்னும் ஆறாத குழந்தையிடம் அந்தக் கதையைக் கலைக்காமல் இருப்பது நல்லது.

ஒரு வருடம் கழித்து டேவிட் வீஸ்னரின் மூன்று பன்றிகள் புத்தகம் (2001) கிடைத்தது. அதில் ஓநாய் ஊதுகிற வேகத்தில் பன்றி படச் சட்டத்துக்கு வெளியே போய் விழுந்துவிடும். எழுத்தில் ‘ஓநாய் பன்றியைத் தின்றுவிட்டது’ என்று இருக்கும், படத்தில் ஓநாய் பன்றியைக் காணாமல் முழித்துக்கொண்டு நிற்கும். என் மகனுக்கு எழுத்து தெரியாது, ஆனால் நான் “தின்றுவிட்டது” என்று வாசித்த அந்த நொடியே, “இல்லப்பா, இங்க பாரு, தப்பிச்சிருச்சு” என்று சட்டத்துக்கு வெளியே தெரிந்த பன்றியைக் காட்டினான். வாசிக்கத் தெரிந்த எனக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்ற பெருமை முகத்தில். அப்புறம் பன்றிகள் கதைத் தாளையே மடித்து விமானமாக்கிப் பறக்கும். நடுவில் ஏறக்குறைய முழுக்க வெள்ளையாக இரண்டு பக்கம் வருமே, அங்கே நான் அவசரமாகத் திருப்பப் போனேன். “இருப்பா, அதுங்க பறந்துட்டு இருக்கு” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியவில்லை.

—

மேலே எழுதிய அப்பாவுக்கு நன்றி, பயம் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரு சந்தேகம். இப்போது சின்னவளுக்கு இரண்டரை வயது, பழைய கதை இன்னும் பாதிதான் தெரியும். பெரியவளுக்குத் தும்மல் கதைதான் வேண்டும், இரண்டு பேரும் ஒரே மடிக்குப் போட்டி. தனித்தனியாக வாசிக்கிறீர்களா, ஒன்றாக வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?