தனியா டெல்வ் ஓடி எடுக்கிற 616 கியர், ரெய்ட் ஆக்களுக்கு அநியாயமா?

வாவிமீன் (மட்டக்களப்பு):
வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் ஒன்லைன் கேம்ல 2024ல டெல்வ் (தனியாவோ சின்னக் குழுவாவோ ஓடுற குட்டிக் குகை) வந்த நாள் தொட்டு கில்ட்டுக்குள்ள (சேர்ந்து விளையாடுற நம்மட கூட்டம்) இதே கதைதான். 20 பேர் இரவு இரவா ஹீரோயிக் ரெய்ட்ல (நோர்மலை விடக் கஷ்டமா, பெரிய பொஸ்ஸுகளோட கூட்டமா அடிபடுறது) செத்துச் செத்து எழும்புறாங்க. ஒருத்தன் தனியா டெல்வ் ஓடிப்போட்டு அதே அளவு ஐட்டம் லெவலோட (கியர், அதாவது ஆயுதம் கவசத்திட பலத்தைக் காட்டுற எண்) வந்து நிக்கிறான். இப்ப அவனுக்கும் ரெய்ட்ல இடம் வேணுமாம். குடுக்கிறதா, இல்லையா? இதுல நியாயம் எந்தப் பக்கம்?

கல்முனைக் காக்கா:
தம்பி, முதல்ல கணக்கப் பாருங்க. முதல் சீசன்ல டியர் 8 (டெல்வ்ட எட்டாம் கஷ்டப் படி) பவுண்டிஃபுல் பரிசுப் பெட்டியில வந்தது 603. அதத் திறக்கக் கோஃபர் சாவி வேணும், அப்ப கிழமைக்கு ஏறக்குறைய நாலுதான் சேர்ந்தது. 100 சாவித் துண்டு சேர்த்தா ஒரு சாவி வந்தது. கிரேட் வோல்ட் எண்ட கிழமைப் பரிசுப் பெட்டகத்தில டெல்வ் வரிசைக்கு 2, 4, 8 ஓட்டத்தில ஒவ்வொரு கட்டம் திறக்கும், டியர் 8 ஓடியிருந்தா அதுல 616 காட்டினது. ஆனா எத்தனை கட்டம் திறந்தாலும் கையில வாறது ஒரே ஒரு சாமான்.

இப்ப ரெய்ட் பக்கம். ஹீரோயிக்ல விழுந்தது 610 தொட்டு 619. பொஸ் ஒண்டுக்கு அஞ்சு பேருக்கு ஒரு சாமான் எண்டு வைங்க. 20 பேருக்கு நாலு, எட்டு பொஸ்ஸும் விழுந்தா 32. ஆளுக்கு ஒண்டரைக்குக் கொஞ்சம் மேல. ஒரு பொஸ்ஸும் விழாத கிழமை வெறுங்கை. ரெய்ட்காரனுக்கு எரியிறது ஏனெண்டு இப்ப விளங்குதா?

ஆனா உச்சவரம்பு வேற. அந்த சீசன்ல 603 சம்பியன் வகை, அப்கிரேட் பண்ணினாலும் 619ல நிண்டிட்டு. வோல்ட் 616 ஹீரோ வகை, 626 வரைக்கும் போனது. 639 வேணுமெண்டா மித்திக் (ஆகக் கஷ்டமான படி) பக்கம் போயே ஆக வேண்டியிருந்தது. டெல்வ்காரன் கெதியா வாறான், ஆனா நடுவழியில நிண்டிருவான். அதுல அநியாயம் இல்ல.

கல்லடிப் பாலம்:
காக்கா சொல்ற கணக்குச் சரி, முடிவுதான் எனக்குச் சரிவரல்ல. லெவல் குறைச்சுக் குடுத்தா எல்லாம் சரியெண்டு நினைச்சுத்தான் 2011ல எல்எஃப்ஆர் (தெரியாத ஆக்களக் கேமே சேர்த்து விடுற லேசான ரெய்ட்) கொண்டு வந்தாங்க. அப்ப வந்த டிராகன் சோல் ரெய்ட்ல எல்எஃப்ஆர் 384, நோர்மல் 397, ஹீரோயிக் 410. பார்க்க நல்லாத்தான் இருந்தது. பிழைச்சது டியர் செட்ல (சேர்த்துப் போட்டா போனஸ் தாற கவசத் தொகுதி). நாலு துண்டுக்கு வாற போனஸ் எல்எஃப்ஆர் செட்டுக்கும் கிடைச்சது. அதனால நோர்மல் ரெய்ட் ஆக்களும் விருப்பமில்லாம கிழமைக்குக் கிழமை எல்எஃப்ஆர்ல போய் நிண்டாங்க, புதுசா வந்தவனோட சாமானுக்குப் போட்டியா 'நீட்' பகடை உருட்டி. 2014 விரிவாக்கத்திலதான் எல்எஃப்ஆருக்கு வேற கியர் போட்டு அதைப் பிரிச்சாங்க.

லேசாக் கிடைக்கிறத விட, வேண்டாதவனையும் இழுக்கிறதுதான் பெரிய பிழை. வோல்ட்டும் அப்படித்தான். ரெய்ட்காரனும் 'கட்டம் வெறுமையாக் கிடக்கு' எண்டு எட்டு டெல்வ் ஓடுறான். விளையாட்டா அது, கூலி வேலையா?

அக்கரைப்பற்றான்:
ரெண்டு பேரும் நியாயத்தக் கதைக்கிறீங்க, கேட்டவருக்கு ஆளை எடுக்கிறதா விடுறதா எண்டுதான் தெரியணும்.

ஐட்டம் லெவலப் பார்க்காதீங்க. டெல்வ்ல கூட வாற கம்ப்யூட்டர் துணை பிரானை ஹீலரா (உயிர் ஏத்துறவர்) வச்சா நிலத்தில மருந்துக் குப்பியாப் போட்டுக்கொண்டே வருவார், மேல ஓடினாலே உயிர் ஏறும். நெருப்புக்குள்ள நிண்ட பிழை அதுல மறைஞ்சிரும். அதே ஆள் ரெய்ட்ல நிண்டா ஹீலரிட மானா (மந்திர சக்தி) தீரும். அதனால ரெண்டு கிழமை நோர்மல்ல கூட்டிக்கொண்டு போங்க. லொக் (சண்டைப் பதிவு) எடுத்து மூண்டு விசயம் பாருங்க: எத்தனை இன்டரப்ட் (எதிரி மந்திரத்தை இடையில நிப்பாட்டுறது), தவிர்க்கக்கூடிய அடி எவ்வளவு வாங்கினார், எத்தினையாவது ஆளாச் செத்தார். கியர்ல என்சன்ட், ஜெம் (கியருக்குப் பலம் கூட்டுற சேர்க்கைகள்) போட்டிருக்கா எண்டும் பாருங்க. 616 போட்டுக்கொண்டு மோதிரத்தில என்சன்ட் இல்லாட்டி, ஆளுக்கு லெவல்தான் வேணும், ரெய்ட் வேண்டாம்.

மறுகா, இதெல்லாம் மொன்ஸ்டரோட அடிபடுற கியர். பக்கத்து ஆளுக்கு ஒரு நட்டமும் இல்ல. ஆளோட ஆள் மோதுற அரீனாவுக்குள்ள பிவிபி (ஆளுக்கு ஆள் சண்டை) கியருக்குத்தான் லெவல் தனியாக் கூடும், டெல்வ் கியர் அங்க எடுபடாது. கில்ட் வோர்ஸ் 2 எண்ட இன்னொரு கேம்ல 2012 தொட்டே பிவிபிக்குள்ள எல்லாருக்கும் ஒரே அளவு. அநியாயம் பார்க்கணுமெண்டா ஃப்ரீ ஃபயர் பக்கம் போங்க. டயமண்ட் போட்டுச் சுத்தி எடுக்கிற துப்பாக்கி ஸ்கின்ல டேமேஜும் ரீலோடும் மாறும். அது எதிர்ல நிக்கிற பொடியனிட தலையில விழுற அடி.

வாவிமீன்:
விளங்கிட்டு. லொக் பார்த்து எடுக்கிறன். கல்லடி அண்ணன், அப்ப ரெய்ட் ஆக்கள டெல்வ் ஓடச் சொல்லாம விடலாமா?

கல்லடிப் பாலம்:
ஹீரோயிக்ல ஆறு பொஸ் விழுந்தா வோல்ட்ல ரெய்ட் வரிசை மூண்டு கட்டமும் திறந்திரும், அதுவே காணும். ஆறு விழாத கிழமை மட்டும் ரெண்டு டெல்வ் ஓடச் சொல்லுங்க. ரீசெட் (கிழமைக் கணக்குப் புதுசாகிறது) நம்மட நேரத்துக்குச் செவ்வாய் இரவு 8:30, அமெரிக்க, ஓசியானிக் சேர்வர் எண்டா. அதுக்கு முதல் முடிச்சிரணும்.