யமஹா 174 ஆ, ஐபனேஸ் 200 ஆ? பாடகர் குழுவுக்கு பேஸ் கிற்றார் எடுக்க உதவி வேணும்

நாலுகம்பி (கிளிநொச்சி):
வணக்கம். எங்கட கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு பேஸ் கிற்றார் எடுக்கவேணும். காசு அளவோடதான் இருக்கு. தேடிப் பார்த்ததிலை ரெண்டிலை வந்து நிக்கிறம்: யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸ் ஜிஎஸ்ஆர் 200. ரெண்டும் நாலு கம்பி, ரெண்டும் 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), ரெண்டிலையும் பி பிக்கப் ஒண்டு, ஜே பிக்கப் ஒண்டு (பிக்கப் எண்டது கம்பியின்ர அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்). விலையிலையும் பெரிய இடைவெளி இல்லை. ஞாயிறு பூசைக்கு மிக்ஸருக்கு நேரை குடுத்துத்தான் வாசிக்கிறது, தனி பேஸ் அம்ப் இல்லை. திருவிழா நாளிலை வெளி மேடை, ஜெனரேற்றர் கரண்ட். வாசிக்கப் போறது 14, 15 வயசுப் பிள்ளையள். எதை எடுக்கலாம்?

ஒலிப்பலகை (வவுனியா):
தம்பி, உண்மையான வித்தியாசம் பின்மூடிக்கு உள்ளைதான் கிடக்கு. யமஹா முழுக்க பாசிவ்: ரெண்டு வொலியூம், ஒரு ரோன், பற்றரி இல்லை. ஐபனேஸிலை அந்த மூண்டோட நாலாவதா 'ஃபற் 2' எண்ட குமிழ் ஒண்டு இருக்கு. அது 9 வோல்ட் பற்றரியிலை ஓடுற பேஸ் பூஸ்ட்.

நீங்கள் மிக்ஸருக்கு நேரை குடுக்கிறம் எண்டு சொன்னதுதான் இதிலை முக்கியம். மிக்ஸரின்ர சாதாரண லைன் இன்புட்டின்ர மின்தடை 10 கிலோஓம் அளவிலை இருக்கும். பாசிவ் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு வேணும். நேரை குத்தினால் மேல்சுரமெல்லாம் அமுங்கி, சத்தமும் மெலிஞ்சு, போர்வைக்குள்ளாலை கேக்கிற மாதிரி வரும். பிள்ளையள் கிற்றார் சரியில்லை எண்டு நினைச்சுப்போடுவினம். அக்டிவ் சேர்க்கிற் (பற்றரியிலை ஓடுறது) உள்ளது அந்த இன்புட்டைச் சுலபமாத் தள்ளும். மிக்ஸரைத் தவிர ஒண்டுமே இல்லை எண்டால் எடுத்த உடனை நல்லாக் கேக்கப்போறது ஐபனேஸ்.

ஆனால் முதலிலை மிக்ஸரைப் பாருங்கோ. ஏதாவது ஒரு சனலிலை 'ஹை-இசட்' (கூடின தடை) எண்டு பொத்தான் இருக்கோ? அல்லது கிற்றார் படம் போட்டிருக்கோ? இருந்தால் இந்தக் கதை முடிஞ்சுது, பாசிவும் அங்கை முழுசாக் கேக்கும். இல்லையெண்டால் டிஐ பெட்டி (கிற்றாருக்கும் மிக்ஸருக்கும் இடையிலை பூட்டி சிக்னலைப் பொருத்திற பெட்டி) ஒண்டுக்கும் சேத்துக் கணக்குப் போடுங்கோ. அக்டிவ் டிஐ எண்டால் மிக்ஸர் மைக் கேபிளாலை குடுக்கிற 48 வோல்ட் ஃபான்ரம் பவரிலையே அநேகமானது ஓடும்.

ஈயப்பற்று (புதுக்குடியிருப்பு):
அண்ணை சொன்னது சரி. எண்டாலும் பிள்ளையளின்ர கைக்கு நான் யமஹாவைத்தான் சொல்லுவன். அக்டிவ் கிற்றாரிலை கேபிளைக் குத்தினாலே பற்றரி ஓடத் தொடங்கும், தனி சுவிச் இல்லை. ஜாக்கிலை கேபிளை விட்டுட்டுப் போனால் வாசிக்காமலே பற்றரி இறங்கும். இறங்கேக்கை முதலிலை பலத்து அடிக்கிற சுரம் கரகரக்கும், பிறகு சத்தம் சுருங்கி நிக்கும். பூசை நடுவிலை பற்றரி மாத்த ஏலாது. ஐபனேஸை எடுக்கிறதெண்டால் பற்றரி எங்கை இருக்கு எண்டு கடையிலையே பாருங்கோ. பின்மூடியின்ர திருகாணியைக் கழட்டித்தான் மாத்தவேணும் எண்டால் ஒரு ஸ்குரூ ட்ரைவரும் மேலதிக 9 வோல்ட் பற்றரியும் பையிலை கிடக்கவேணும்.

அந்த பூஸ்டை நம்பியும் எடுக்கவேண்டாம். திறந்த (அமத்தாமல் அடிக்கிற) ஈ கம்பி, ஆகத் தடிச்சது, 41 ஹேர்ட்ஸ். கோயில் மண்டபத்திலை தூக்கி வைக்கிற 8, 10 அங்குல ஸ்பீக்கர் அந்த அடியை ஒழுங்கா எறியாது. பூஸ்டைக் கூட்டினால் ஸ்பீக்கர் திணறும், பாட்டின்ர சொல்லு மங்கும், பேஸ் தெளிவா வராது. மிக்ஸரிலை 100 தொடக்கம் 200 ஹேர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கினால் காணும். கீபோட்காரர் இடக்கையைக் குறைச்சாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரைச்சலைப் பற்றியும் சொல்லவேணும். ரெண்டிலையும் இருக்கிறது பி–ஜே. பி பிக்கப் ரெண்டு துண்டு, தன்ர இரைச்சலைத் தானே வெட்டும். ஜே ஒற்றைச் சுருள், ஜெனரேற்றருக்கும் ரியூப் லைற்றுக்கும் கிட்ட 'உம்' எண்டும். ரெண்டு ஜே உள்ள கிற்றாரிலை ரெண்டையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் வெட்டுப்படும். பி–ஜேயிலை அப்பிடி நடக்காது. மேடையிலை இரைஞ்சால் ஜேயின்ர வொலியூமை முழுக்க மூடி பியிலை மட்டும் வாசியுங்கோ.

தாழ்சுரம் (மன்னார்):
வாசிக்கப்போற பிள்ளையையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. நட் (கழுத்தின்ர தலைப் பக்கம் கம்பியைத் தாங்கிற துண்டு) பக்கம் கழுத்து அகலம் யமஹா 38 மில்லிமீற்றர், ஐபனேஸ் 41. வாசிக்கேக்கை 3 மில்லிமீற்றர் நல்லாத் தெரியும். சின்னக் கைக்கு ஒடுங்கின கழுத்துத்தான் சுகம். 24 ஃபிரெட் (கழுத்திலை குறுக்கை பதிச்ச உலோகக் கட்டை), 22 ஃபிரெட் எண்ட வித்தியாசத்தை விட்டுப்போட்டு யோசியுங்கோ, பாடகர் குழுவிலை 12க்கு மேலை போற வேலை குறைவு.

நாலுகம்பி:
எல்லாருக்கும் நன்றி. மிக்ஸரைப் பார்த்தன், முதல் சனலிலை ஹை-இசட் பொத்தான் இருக்கு. அப்ப யமஹா பக்கம் சாயிறம். கடையிலை எடுக்கேக்கை என்னத்தைப் பார்க்கவேணும்? கம்பி கரகரத்தால் அதை வேண்டாம் எண்டு சொல்லவேணுமோ?

ஒலிப்பலகை:
எங்கை கரகரக்குது எண்டதிலைதான் எல்லாம் இருக்கு. முதலிலை ரியூனரோட நாலு கம்பியையும் ஈ, ஏ, டி, ஜி எண்டு சரியா ஏத்துங்கோ. சுதி இறங்கின கிற்றாரைச் சோதிச்சுப் பிரயோசனம் இல்லை.

பிறகு ஈ கம்பியை ஒரு கையாலை முதலாம் ஃபிரெட்டிலையும் மற்றக் கையாலை கழுத்து உடம்போட சேருற இடத்திலையும் அமத்துங்கோ. 7ஆம், 8ஆம் ஃபிரெட் பக்கம் கம்பிக்குக் கீழை விசிற்றிங் காட் ஒண்டு மட்டுமட்டாப் போகவேணும், 0.3 மில்லிமீற்றர் அளவு. காட் போகாமல் கம்பி ஃபிரெட்டிலை படுத்தால் கழுத்து கூட நேரா நிக்குது, அல்லது பின்னாலை வளைஞ்சிருக்கு. அப்ப 1 தொடக்கம் 5 வரை கரகரக்கும். ட்ரஸ் ரொட்டை (கழுத்துக்குள்ளை ஓடுற இரும்புக் கம்பி) கால் சுத்து இளக்கினால் சரிவரும். வலஞ்சுழியாத் திருப்பினால் இறுகும், இடஞ்சுழியா இளகும். கால் சுத்துக்கு மேலை ஒரே தரத்திலை போகாதேங்கோ, சுதி பாத்து, பொறுத்து, திரும்ப அளவுங்கோ. ரொட்டைத் திருப்பிற நட் இறுகிக்கொண்டு அசையாட்டி அந்தக் கிற்றாரை விடுங்கோ.

12க்கு மேலை மட்டும் கரகரத்தால் கம்பி கூடப் பதிஞ்சிருக்கு. 12ஆம் ஃபிரெட்டிலை ஈ கம்பிக்குக் கீழை 2.5, ஜி கம்பிக்குக் கீழை 2 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது. பிரிட்ஜிலை (உடம்பிலை கம்பி மாட்டிற இடம்) சின்ன அலன் கீயாலை சாடிலை (ஒவ்வொரு கம்பியும் தங்கிற சின்னத் துண்டு) தூக்கலாம். திறந்த கம்பி மட்டும் கரகரத்து, அமத்தினால் சுத்தமா இருந்தால் நட்டிலை வெட்டு ஆழம். ஒரேயொரு ஃபிரெட்டிலை மட்டும் எண்டால் அதுக்கு அடுத்த ஃபிரெட் மேலை தூக்கி நிக்குது. அது அராவிற வேலை, புதுச் சாமானிலை ஏன் அந்தக் கரைச்சல்? வேறை ஒண்டைக் காட்டச் சொல்லுங்கோ.

இன்னொண்டு, ஜி கம்பியிலை 4 தொடக்கம் 8 வரை ஒவ்வொரு சுரத்தையும் அடிச்சு, எவ்வளவு நேரம் நிக்குது எண்டு கேளுங்கோ. சில கழுத்திலை அந்த இடத்திலை ஒரு சுரம் சடக்கெண்டு செத்துப்போகும். கழுத்தே அந்தச் சுரத்தின்ர அதிர்வை விழுங்கிறதாலை ட்ரஸ் ரொட்டாலையும் சாடிலாலையும் அதைத் திருத்த ஏலாது. ஒரே மொடலிலை பக்கத்திலை தொங்கிறதிலை அது இல்லாமல் இருக்கும். யமஹாவிலை செத்த சுரம் இருந்து ஐபனேஸிலை இல்லையெண்டால், நாங்கள் இவ்வளவு எழுதினதையும் விட்டுப்போட்டு ஐபனேஸை எடுங்கோ.

கடைசியா 12இலை அமத்தின சுரமும் அதே இடத்திலை அமத்தாமல் மெல்லத் தொட்டு அடிக்கிற ஹார்மோனிக்கும் ரியூனரிலை ஒண்டாக் காட்டவேணும். அமத்தினது கூடக் காட்டினால் சாடிலைப் பின்னாலை இழுக்கவேணும், குறையக் காட்டினால் முன்னாலை.

சோழகத்துக்கும் மாரிக்கும் இடையிலை கழுத்து அசையும், வருசத்துக்கு ரெண்டு தரம் இந்தக் காட் அளவைப் பாருங்கோ. தகரக் கூரைக்குக் கீழையும் வெயிலிலை நிக்கிற வானுக்குள்ளையும் வைக்கவேண்டாம். கம்பி மாத்தேக்கை 45–105 செற் (கம்பித் தடிப்பு, அங்குலத்தின்ர ஆயிரத்திலை) வாங்குங்கோ.

நாலுகம்பி:
ஜெனரேற்றர் மேடையிலை கம்பியைத் தொட்டால் இரைச்சல் மாறும் எண்டு சொல்லுகினம். அது பழுதோ?

ஈயப்பற்று:
தொட்டால் குறைஞ்சால் பழுதில்லை, பிரிட்ஜுக்குக் கீழை போற எர்த் வயர் வேலை செய்யுது. தொட்டும் மாறாட்டி, அல்லது கூடினால், மல்ரிமீற்றரை ஓமிலை வைச்சு பிரிட்ஜுக்கும் ஜாக்கின்ர வெளி உலோகத்துக்கும் இடையிலை பாருங்கோ. 1, 2 ஓமுக்குள்ளை காட்டவேணும். காட்டாட்டி வயர் விட்டிருக்கு, ஈயம் பத்தவைக்கிற சின்ன வேலை.

ஆனால் கம்பியைப் பிடிச்சபடி மைக்கிலை வாய் படேக்கை சுள்ளெண்டு அடிச்சால் அது கிற்றார் பிரச்சினை இல்லை. உடனை கேபிளைக் கழட்டுங்கோ. மிக்ஸருக்கும் அம்புக்கும் ஒரே விநியோகப் பலகையிலை இருந்து கரண்ட் எடுங்கோ. இரைச்சலைக் குறைக்க எண்டு பிளக்கின்ர எர்த் காலை ஒருக்காலும் வெட்டவேண்டாம். ஜெனரேற்றருக்கு எர்த் கம்பி அடிச்சு, மேடைக்குப் போற லைனிலை ட்ரிப் சுவிச் போடச் சொல்லுங்கோ. பிள்ளையள் மேடை ஏற முதல் அதின்ர ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கோ. விழாட்டி அந்த லைனிலை பிள்ளையளை வாசிக்க விடாதேங்கோ.