மூணு கிராம் கூடிப்போச்சு: போட்டி மேஜையில் உங்க ரோபோ எங்கே மாட்டிச்சு?

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. பையன் பதினொண்ணாவது படிக்கிறான், மினி சுமோ ரோபோ செய்யறான். தெரியாதவங்களுக்காக: வண்டி நீளம் 10 செ.மீ., அகலம் 10 செ.மீ., எடை 500 கிராமுக்குள்ள. உயரத்துக்கு வரம்பு கிடையாது. 77 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள்ள இரண்டு வண்டி ஒண்ணையொண்ணு வெளியே தள்ளணும். பட்டனை அமுக்கின பிறகு 5 நொடி அசையாம நின்னு, அப்புறம் ரிமோட் இல்லாம தானா ஓடணும்.

தள்ளுறதுக்குப் பிடிமானம் வேணும். சக்கரத்து மேல எவ்வளவு பாரம் அழுத்துதோ அவ்வளவுதான் அது தரையைப் பிடிக்கும். அதனால எல்லாரும் 500-ஐ ஒட்டியே கட்டுவாங்க. இவன் வண்டி 430-தான் வந்தது. பட்டறையில் கிடந்த பித்தளைத் துண்டை அரத்தால் ராவி ராவி அடித்தட்டில் முடுக்கினான். எங்க தராசில் 499.2. "அப்பா, இன்னும் 0.8 மிச்சம்"னான். நானும் தட்டிக்கொடுத்தேன். குன்றிமணி அளவு வெள்ளியைக்கூட வீணாக்காத தொழில், எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு.

போட்டிக்கு முந்தின ராத்திரி எதிராளி வண்டிக்கு அடியில் நுழையுற முன்பக்கத் தகடு (பிளேடு) ஆடுதுன்னு டேப் ஒட்டி, ரெண்டு திருகு கூடுதலா போட்டிருக்கான். திரும்ப எடை போடலை. காலையில் அங்கே 503. நடுவர் பத்து நிமிஷம் கொடுத்தார். ஆனா பித்தளையை எடுக்கணும்னா பேட்டரியைக் கழட்டணும், பேட்டரியைக் கழட்ட சென்சார் போர்டைக் கழட்டணும். திருப்புளி பிடிச்ச கை நடுங்குறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். நேரம் போயிடுச்சு. திரும்பி வர்ற வழியில பையன் ஒரு வார்த்தை பேசலை.

இப்போ அந்தப் பித்தளையைப் படிக்கல் மாதிரி சின்னதும் பெருசுமா வெட்டி, வெளியிலிருந்தே கழட்டுற மாதிரி பின்பக்கம் வச்சிருக்கோம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு திருகு. ஆட்டத்தில் 5 கிராமுக்கு மேல ஏதாவது கழண்டு விழுந்தா புள்ளி எதிராளிக்குப் போயிடும். மொத்தம் 490-ல் நிறுத்தியாச்சு. அந்தப் பத்து கிராமால ஆட்டம் தோக்காதுன்னு இப்போ எனக்கு நிச்சயமா தெரியும்.

ஏற்காடு டீச்சர்:

அண்ணா, படிக்கும்போதே மனசு கஷ்டமா இருந்தது. எங்க பிள்ளைங்க லைன் ஃபாலோயர், அதாவது தரையில் போட்ட கோட்டைப் பிடிச்சுக்கிட்டே தானா ஓடுற வண்டி செய்தாங்க. பள்ளி ஹால்ல, பனிமூட்டமான நாட்கள்ல, டியூப்லைட் வெளிச்சத்துல பழகின வண்டி. கறுப்புக் கோட்டை விட்டு விலகவே விலகாது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனோம். களம் ஜன்னலோரம். கோட்டு மேல பாதி தூரத்துக்கு வெயில் விழுந்திருந்தது. வண்டி நிழலில் நேரா போச்சு, வெயிலுக்கு வந்ததும் சுத்த ஆரம்பிச்சது. சென்சார் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடிச்சு, திரும்பி வர்றதை வச்சுத்தான் கறுப்பா வெள்ளையான்னு பார்க்கும். சூரிய வெளிச்சத்துலயும் அகச்சிவப்பு இருக்கே, அது எதை நம்பும்?

சோதனை முடிஞ்ச பிறகு புரோகிராமைத் தொடக்கூடாதுங்கறது விதி. கறுப்பு எது, வெள்ளை எதுன்னு பிரிக்க அதுல எழுதின அளவை மாத்த வழியில்லை. ஆனா ஓட்டத்துக்கு முன்னாடி வண்டியில் இருக்கிற பட்டனை அமுக்கத் தடை இல்லை. அந்த வரியை நாங்க சரியா படிக்கலை. அடுத்த தடவை பட்டனை அமுக்கினதும் வண்டி கோட்டுக்கு இடமும் வலமும் அசைஞ்சு, அந்த இடத்துக் கறுப்பையும் வெள்ளையையும் தானே அளந்துக்கிற மாதிரி எழுதினாங்க. சென்சாரைச் சுத்தி கறுப்பு சார்ட் பேப்பரில் பாவாடை கட்டினது எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணோட யோசனை. அது இன்னும் அந்த வண்டியில் இருக்கு.

அம்மாப்பேட்டை தம்பி:

எங்களுக்கு வோல்டேஜ்ல அடி. விதியில் 12 வோல்ட்டுக்கு மேல கூடாது. மூணு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, மேல 11.1-ன்னு அச்சடிச்சிருந்தது, நம்பிப் போனோம். முழுசா சார்ஜ் ஏறினா ஒரு செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்ததும் வெளியே அனுப்பிட்டாங்க. இப்போ ரெண்டு செல். மோட்டாரை ஓட்டுற எல்298 டிரைவர் சில்லு ரெண்டு வோல்ட்டைத் தானே தின்னுடுதுன்னு அதையும் மாத்திட்டோம்.

அண்ணே, நாங்களும் இந்த வருஷம் மினி சுமோ செய்யறோம். உங்க தராசில் ஒரு தடவை வச்சுப் பார்த்துக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

தாராளமா வாங்க தம்பி. சாயங்காலம் 6 மணிக்கு மேல பட்டறை ஓய்வாத்தான் இருக்கும். பேட்டரி, டேப், திருகு எல்லாம் மாட்டி, களத்தில் இறங்குற கோலத்திலேயே கொண்டு வாங்க. ஒரு ஏ4 தாளும் எடுத்துட்டு வாங்க. வண்டியைத் தாள்மேல வச்சுத் தூக்கினா, தாள் 2 நொடிக்கு மேல சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வரக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. பையன் சக்கரத்துக்குப் புதுசா சிலிக்கோன் ரப்பர் ஊத்தியிருக்கான். ரெண்டு வண்டியையும் சேர்த்தே பார்த்துடலாம்.