எம்90 விண்மீன் மண்டலத்துக்கு தூரம் மைனஸில் வருகிறது, உதவுங்கள்

செம்பெயர்ச்சியை (விலகிப் போகும் மண்டலத்தின் ஒளி சிவப்புப்பக்கம் நகரும் அளவு) வைத்து விண்மீன் மண்டலங்களின் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பழகுகிறேன். எம்87-க்கு செம்பெயர்ச்சி 0.0043. ஒளிவேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு 1,290 கி.மீ. ஹபிள் மாறிலியை (தூரம் கூடக் கூட விலகும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று சொல்லும் எண்) ஒரு மெகாபார்செக்குக்கு விநாடிக்கு 70 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 18.4 மெகாபார்செக், அதாவது 6 கோடி ஒளியாண்டு. உண்மையில் சுமார் 5.5 கோடிதான். சரி, போகட்டும் என்று விட்டேன்.

அப்புறம் எம்87 இருக்கும் அதே கன்னிக் கொத்தில் (விண்மீன் மண்டலங்களின் கூட்டம்) உள்ள எம்90-ஐ எடுத்தேன். 656.3 நானோமீட்டரில் இருக்கவேண்டிய ஹைட்ரஜன் கோடு நீலப்பக்கம் நகர்ந்திருக்கிறது! விநாடிக்கு 200 கி.மீ.க்கு மேல் நம்மை நோக்கி வருகிறதாம். நோட்டில் மூன்று தடவை அடித்து எழுதியும் தூரம் மைனஸ்தான்.

கொத்துக்குள் அதற்கு இருக்கும் சொந்த வேகமே காரணம் என்று புரிகிறது. அதை எப்படிக் கழிப்பது? கொத்தின் சராசரி வேகத்தை எடுத்தால் போதுமா? எவ்வளவு தூரத்துக்கு அப்பால் இந்தத் தொல்லையைக் கண்டுகொள்ளாமல் விடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.