மறுமொழி: 'படிப்படியான அரைமுகச் சிதைவு' சரியா?

> பாரி-ராம்பெர்க் நோய்க்குப் 'படிப்படியான அரைமுகச் சிதைவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் 'சிதைவு' வேண்டாம் என்பது என் கருத்து. அதைக் கேட்டால் விபத்திலோ தீயிலோ உருக்குலைந்த முகம்தான் கண்முன் வரும். இந்த நோயில் நடப்பது வேறு: முகத்தின் ஒரு பாதி மட்டும் மெல்ல மெல்ல மெலிகிறது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு கரைகிறது, அப்புறம் தசை. சிறு வயதிலேயே தொடங்கிவிட்டால் எலும்பின் வளர்ச்சியும் குன்றுகிறது. கன்னம் ஒட்டிப்போய், வாயோரமும் மூக்கும் அந்தப் பக்கமாக இழுபடுகின்றன. தோலின் நிறம் மாறலாம், ஆனால் கிழிவதில்லை. இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: சூம்புதல். இளம்பிள்ளைவாதம் தாக்கிய காலைச் 'சூம்பிப்போச்சு' என்றுதானே சொல்கிறோம்? எனவே 'ஒருபக்க முகச் சூம்பல்'. கொச்சை என்று சிலர் தயங்கலாம். மருத்துவச் சீட்டில் படித்ததும் நோயாளியின் தாய்க்குப் புரிகிற சொல் அது. எனக்கு அது போதும்.

சிகிச்சைச் சொற்களில் 'கொழுப்பு நிரப்பல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சி எடுத்த கொழுப்பைச் சுத்தம் செய்து, மழுங்கிய முனையுள்ள குழல் வழியே கன்னத்துக்குள் இழை இழையாக வைக்கிறார்கள். சுற்றியுள்ள திசுவிலிருந்து இரத்தம் கிடைத்தால்தான் அது பிழைக்கும். ஒரு பகுதி கரைந்துவிடும். பலருக்கு மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். 'நிரப்பல்' என்றால் ஒரே தடவையில் வேலை முடிந்ததாகத் தோன்றும். 'கொழுப்பு ஒட்டு' என்றால், ஒட்டு பிடிக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பள்ளம் ஆழமாக இருந்தால் தோள்பட்டைப் பக்கத்திலிருந்தோ தொடையிலிருந்தோ திசுவை அதன் தமனி, சிரையோடு எடுத்து, முகத்திலோ கழுத்திலோ உள்ள நாளங்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். இப்படி நாளங்களோடு எடுக்கும் திசுத் துண்டுதான் 'மடல்' (flap). இதற்கு 'free flap' என்பதை அப்படியே பெயர்த்துச் 'சுதந்திர மடல்' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். 'நாள இணைப்பு மடல்' என்பதே என் பரிந்துரை. ஒட்டுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை, மடலுக்கு உண்டு. அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

இன்னொன்று பாக்கி. இந்த நோயை, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களோடு சேர்த்துப் பார்க்கும் மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட் போன்ற, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து கொடுத்து, நோய் ஓய்ந்தது உறுதியான பிறகே பெரும்பாலும் அறுவைக்கு அனுப்புகிறார்கள். அந்த நிலைக்கு 'நோயடக்கம்' என்று பட்டியலில் இருக்கிறது. அடக்கம் என்றதும் சவ அடக்கம் நினைவுக்கு வருவதால் நோயாளியிடம் சொல்ல மனம் வரவில்லை. 'நோய் ஓய்வு நிலை' பொருந்துமா? இத்தகைய நோய்களைப் பார்க்கும் மூட்டுவாத மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.